"சாகணும்போல இருக்கு" என்று சொன்னால் தெரபிஸ்ட்டின் அறையில் என்ன நடக்கும்?

இதைப் படிக்கிற யாருக்காவது இப்போதே அந்த எண்ணம் முட்டிக்கொண்டு நின்றால், கட்டுரையை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் 14416-க்கு போன் போடுங்கள். டெலி மானஸ் என்று பெயர், 2022 அக்டோபரில் தொடங்கியது, நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. காசு கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்கும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். தற்கொலைத் தடுப்புக்கென்றே 1986 முதல் சென்னையில் இயங்கும் ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. பக்கத்தில் யாராவது இருந்தால் "என்னைத் தனியா விடாதே" என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே ஏதாவது நடந்துவிட்டது என்றால் யோசிக்கவே வேண்டாம், 108.

இனி மற்றவர்களுக்கு. தெரபி என்றால் என்ன, அங்கே போனால் என்ன செய்வார்கள், நமக்கெல்லாம் அது ஒத்துவருமா என்று வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்திலிருந்து என்னிடம் கேட்பவர்கள் நிறையப் பேர். நேராகக் கேட்க மாட்டார்கள், "என் ஃபிரெண்டு ஒருத்தனுக்கு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த ஃபிரெண்டுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் மனச்சோர்வு. வேலை போனால், காதல் முறிந்தால், வீட்டில் ஒரு சாவு விழுந்தால் யாருக்கும் மனசு உடையும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல், கிட்டத்தட்ட தினமும், நாளின் பெரும்பகுதி மனசு கனமாகவோ வெறுமையாகவோ இருந்து, முன்பு ஆசையாகச் செய்த எதிலும் பிடிப்பில்லாமல் போய், கூடவே தூக்கம், பசி, கவனம், உடம்பில் தெம்பு எல்லாம் கெட்டு, 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்கிற நினைப்பும் சேர்ந்துகொண்டால் அது டாக்டரிடம் காட்ட வேண்டிய நோய். இதைக் கண்டுபிடிக்க ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாளைப் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். எல்லாமே கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய கேள்விகள்தான். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா என்பது. அதாவது சாகும் எண்ணம் என்பது யாரும் கேள்விப்படாத விபரீதம் இல்லை, இந்த நோயோடு வரக்கூடிய ஒரு அறிகுறி, அதற்கென்று அச்சடித்த கேள்வியே இருக்கிறது.

நம் பக்கத்தில் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலை பாரமாக இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கை கால் அசதி, வயிறு சரியில்லை என்றுதான் போகிறார்கள். ஈ.சி.ஜி. நார்மல், ரத்தப் பரிசோதனை நார்மல், கேஸ் மாத்திரையும் சத்து டானிக்கும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆம்பிளைகளுக்கு அது பெரும்பாலும் கோபமாகவும் குடியாகவும் வெளியே வரும், அழுகையாக வராது, அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில் குழந்தை பெற்று வந்த பெண் பிள்ளையைத் தூக்கப் பிடிக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் "திமிரு" என்று சொல்லிவிடுகிறார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு உலகம் முழுக்க உள்ளது, சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும்.

இதில் அடிக்கடி ஒரு வாதம் வரும். "எனக்கு நோய் இல்லண்ணா, கடன்தான். குழு லோன் அடைஞ்சா எல்லாம் சரியாயிடும்." கடன் நிஜம்தான், மறுக்கவில்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது, அந்த நாட்களில் காசிமேட்டில் எத்தனை வீட்டில் நகை அடகுக்குப் போகிறது என்று அந்தத் தெருவில் கேட்டால் தெரியும். ஆனால் காரணம் இருக்கிறது என்பதால் நோய் இல்லை என்றாகிவிடாது. மழையில் கொடுங்கையூரில் வீட்டுக்குள் தண்ணீர் நின்று அதனால் காய்ச்சல் வந்தால், தண்ணீர் வடியட்டும் என்று சொல்லி மருந்து சாப்பிடாமல் இருப்போமா? கடனைச் சமாளிக்கவே தெளிவான தலை வேண்டும். மனச்சோர்வு முதலில் பிடுங்குவது அதைத்தான்.

சரி, தெரபி. ஒரு அறை, இரண்டு நாற்காலி, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், வாரம் ஒரு முறை. பயிற்சி பெற்ற ஒருவர் உங்களோடு உட்கார்ந்து பேசுவார். அறிவுரை சொல்ல மாட்டார். "தைரியமா இரு", "உன்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேரு இருக்காங்க" என்பதையெல்லாம் ஏற்கெனவே சொந்தக்காரர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள், அதையே கேட்க யாரும் பஸ் ஏறிப் போக வேண்டியதில்லை. தெரபிஸ்ட் செய்வது வேறு வேலை. உங்கள் மனசில் என்ன எண்ணம் எந்த நேரத்தில் வருகிறது, அது வந்ததும் நீங்கள் என்ன செய்கிறீர்கள், அதனால் அடுத்து என்ன ஆகிறது என்ற சங்கிலியை உங்களோடு சேர்ந்து ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்து, எங்கே அறுக்கலாம் என்று தேடுவது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டும் நாற்பது வயதுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் வண்டியைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் கேபினில் தனியாக உட்கார்ந்திருப்பவர். "நான் இல்லாட்டி வீட்டுல அவங்களாவது நல்லா இருப்பாங்க" என்ற எண்ணம் அவருக்கு அடிக்கடி வருகிறது. தெரபிஸ்ட் அம்மா "அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது" என்று சொல்வதில்லை. "கடைசியா எப்போ இது வந்துச்சு?" என்று கேட்கிறார். செவ்வாய்க்கிழமை ராத்திரி. அதுக்கு முன்னாடி என்ன நடந்தது? ஃபைனான்ஸ்காரன் போன் பண்ணினான், அந்தக் கோபத்தில் மகளைத் திட்டிவிட்டார், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டாள். அந்த நேரத்தில் அந்த எண்ணத்தை நூற்றுக்கு எவ்வளவு நம்பினீர்கள்? தொண்ணூறு. சரி, அது உண்மை என்பதற்கு என்ன ஆதாரம், இல்லை என்பதற்கு ஏதாவது இருக்கிறதா? நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் சொல்கிறார், மறுநாள் காலையில் அவர் கிளம்பும்போது "அப்பா, டிஃபன் பாக்ஸை மறந்துட்டே" என்று மூன்று மாடி இறங்கி ஓடி வந்தவள் அதே மகள்தான். இப்போது எவ்வளவு நம்புகிறீர்கள்? அறுபது. அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது. கடன் அப்படியே இருக்கிறது, ஆனால் அந்த எண்ணம் தீர்ப்பு மாதிரி நின்றதுபோய், சரிபார்க்க வேண்டிய ஒரு பேச்சாக இறங்கி வந்திருக்கிறது. வீட்டுக்குப் போகும்போது ஒரு சின்ன நோட்டு, அடுத்த வாரத்துக்குள் இப்படி வரும் எண்ணங்களை எழுதிக்கொண்டு வர வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கிய முறை இது, சி.பி.டி. (காக்னிடிவ் பிஹேவியர் தெரபி) என்று சொல்வார்கள், பெரும்பாலும் 12 முதல் 20 செஷன் வரை போகும்.

எழுதவே வராது, யோசிக்கவே முடியவில்லை என்கிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. மனசு சரியானால் எழுந்திருக்கலாம் என்று காத்திருக்காமல், சின்னச் சின்னக் காரியங்களை நேரம் குறித்துச் செய்ய வைப்பது: காலை ஏழு மணிக்கு வாசற்படியில் பத்து நிமிஷம் உட்காருவது, வெள்ளிக்கிழமை தங்கச்சிக்கு ஒரு போன். செய்த பிறகு மனசு எப்படி இருந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் இதே அடிப்படையில், மனநலப் படிப்பு எதுவும் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு செஷன் வரை நடத்திப் பார்த்தார்கள். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடமே நல்ல பலன் தெரிந்தது, லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. இங்கிலீஷ் பேசுகிற, ஏ.சி. ரூமில் உட்காருகிறவர்களுக்குத்தான் தெரபி என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இப்போது எல்லோரும் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். சாகும் எண்ணம் இருக்கிறது என்று தெரபிஸ்ட்டிடம் சொல்லலாமா? சொல்ல வேண்டும், முதல் நாளே, முடிந்தால் முதல் பத்து நிமிஷத்திலேயே. மூன்று செஷன் தூக்கம் வரவில்லை என்பதைப் பற்றியே பேசிவிட்டு, கிளம்பும்போது கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு இதைச் சொல்பவர்கள் உண்டு. தெரபிஸ்ட் அதிர்ச்சியடைய மாட்டார், திட்ட மாட்டார். கேள்விகள் கேட்பார்: தூங்கி எழாமலே போனால் நல்லது என்று தோன்றுகிறதா, இல்லை நீங்களே ஏதாவது செய்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிறதா, எப்படி, எப்போது என்று யோசித்துவைத்திருக்கிறீர்களா, முன்பு எப்போதாவது முயற்சி செய்ததுண்டா, இதுவரை உங்களைப் பிடித்து நிறுத்தியது எது. கேட்டதால் எண்ணம் வளர்ந்துவிடும் என்று நம்மவர்கள் நம்புகிறார்கள். ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை, நேராகக் கேட்டால் பலருக்கு மூச்சு விட்டதுபோல் இருக்கிறது.

அப்புறம் இருவருமாக ஒரு தாள் எழுதுவார்கள். பாதுகாப்புத் திட்டம் என்பார்கள். மனசுக்குள் அந்த வேகம் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு இறங்கும், பலருக்கு அந்த உச்சி சில நிமிஷங்களோ சில மணி நேரமோதான். அந்த நேரத்தைக் கடக்கத்தான் இந்தத் தாள். அதே லாரிக்காரரின் தாளில் என்ன இருக்கும் என்று பார்ப்போம். முதல் வரி, ஆபத்து ஏறுகிறது என்பதற்கு அடையாளம்: போனை ஆஃப் செய்துவிட்டு கேபின் கண்ணாடியை ஏற்றிக்கொள்வது, சாப்பிடாமல் குடிப்பது. அடுத்தது, தானே செய்யக்கூடியது: கீழே இறங்கி டீக்கடை வரை நடப்பது, முகம் கழுவுவது. அடுத்தது, விஷயத்தைச் சொல்லாமலே ஆட்களோடு இருக்கக்கூடிய இடம்: தெருமுனை கேரம் கிளப். அடுத்தது, சொல்லக்கூடிய ஆள்: கொருக்குப்பேட்டையில் இருக்கும் மச்சான், போன் நம்பரோடு. அதுவும் போதாவிட்டால் தெரபிஸ்ட் நம்பர், ஹெல்ப்லைன், போக வேண்டிய ஆஸ்பத்திரி. கடைசியாக, ஆபத்தாகப் பயன்படக்கூடிய எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் வீட்டில் யார் பொறுப்பெடுத்துக்கொள்வது என்பது, அதற்கு அவர் மனைவியையும் உள்ளே கூப்பிட்டுப் பேசுவார்கள், அவர் சம்மதத்தோடு. இதை அவர் தன் கையெழுத்தில், தன் பேச்சில் எழுதி சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார், இன்னொரு படம் போனில். "அம்மா மேல சத்தியம் பண்ணு, செய்ய மாட்டேன்னு" என்று வாங்கும் சத்தியத்தைவிட இந்தத் தாள் ஆயிரம் மடங்கு பிரயோஜனம். சத்தியம் ஒரு ஆளை வாயை மூட வைக்கும், மறுபடி எண்ணம் வந்தால் சொல்லவும் முடியாமல் தவிக்க வைக்கும்.

"உள்ளே போட்டுடுவாங்களா?" என்பது அடுத்த பயம். எண்ணம் வருகிறது என்று சொன்ன ஒரே காரணத்துக்காக யாரையும் அட்மிட் செய்வதில்லை, பெரும்பாலோர் அன்றைக்கே வீட்டுக்குத்தான் திரும்புகிறார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து, வீட்டில் பாதுகாக்க வழியில்லை என்றால்தான் அட்மிஷன் பேச்சு வரும். நீங்கள் பேசுவது ரகசியமாகத்தான் இருக்கும், அது சட்டப்படி உங்கள் உரிமை. உயிருக்கு ஆபத்து என்ற நிலை வரும்போது மட்டும், காப்பாற்றத் தேவையான அளவுக்கு இன்னொருவரிடம் சொல்வார்கள், இதை முதல் செஷனிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்ல தெரபிஸ்ட்டுக்கு அடையாளம்.

போலீஸ் கேஸ் பயமும் இருக்கிறது. எண்ணம் வருவது எந்தக் காலத்திலும் குற்றம் இல்லை. முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்காக வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்த 309-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் பழைய வடிவில் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போலீஸுக்குத் தகவல் போகலாம், வந்து விசாரிக்கலாம், அதற்குப் பயந்து அடிபட்ட ஆளை வீட்டிலேயே படுக்க வைத்துவிடாதீர்கள்.

யாரிடம் போவது? சைக்யாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலம் படித்த டாக்டர், மாத்திரை எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் தெரபி செய்பவர், மாத்திரை எழுத மாட்டார், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் வைத்திருக்க வேண்டும், அதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கவுன்சிலர் என்று போர்டு போட்டிருப்பவர்களில் நன்றாகப் படித்தவர்களும் இருக்கிறார்கள், நாலு நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள், சாகும் எண்ணம் இருக்கும்போது யாரென்று தெரியாமல் போய் உட்காராதீர்கள். தனியாரில் ஒரு செஷனுக்கு ஆயிரத்துக்கு மேல் கேட்பார்கள். அது முடியாதென்றால் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, நம் தாத்தா பாட்டிகள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொன்ன அதே இடம், அங்கே மனநலப் பிரிவு உண்டு. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட வேண்டும். கூட்டம் இருக்கும், டாக்டர் உங்களோடு பேசும் நேரம் குறைவாகவே இருக்கும், அதனால் மாத்திரை எழுதி முடித்ததும் எழுந்துவிடாமல் "எனக்குப் பேச்சு மூலமா தர்ற சிகிச்சையும் வேணும், சைக்காலஜிஸ்ட்கிட்ட அனுப்புங்க டாக்டர்" என்று கேளுங்கள். கேட்காமல் கிடைப்பது கஷ்டம். சொல்ல வாய் வராது என்று தோன்றினால் 'சாகும் எண்ணம் வருகிறது' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டுபோய் நீட்டினாலும் போதும்.

கீழ்ப்பாக்கம் அரசு மனநல ஆஸ்பத்திரியும் இருக்கிறது. அந்தப் பேரைச் சொல்லியே ஒருவரையொருவர் கிண்டல் செய்து வளர்ந்த ஊர் நம்முடையது, அதனால்தான் அந்த கேட்டுக்குள் போகக் கால் கூசுகிறது. 1794-ல் தொடங்கிய நிறுவனம் அது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படும் சாரதா மேனன் அதன் தலைமைப் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தார், 1992-ல் பத்மபூஷண் வாங்கியவர். அங்கே புறநோயாளியாகப் போய்க் காட்டிவிட்டு மத்தியானம் வேலைக்குத் திரும்புகிறவர்கள் தினமும் இருக்கிறார்கள். எனக்கு இந்தக் கிண்டல் மேல் நிஜமாகவே கோபம் உண்டு, அது எத்தனை பேரை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கும் என்று நினைத்தால் தாங்கவில்லை.

மாத்திரை கொடுத்தால் வேண்டாம் என்று தள்ளாதீர்கள். நடுத்தரத்துக்கு மேற்பட்ட மனச்சோர்வில் மாத்திரையும் தெரபியும் சேர்ந்தால் பலன் அதிகம். மனச்சோர்வுக்குத் தருவது தூக்க மாத்திரை இல்லை, பழக்கமாகிப்போகும் போதையும் இல்லை, ஆனால் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் ஆறு வாரம் வரை ஆகும், முதல் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தவிப்போ சாகும் எண்ணமோ கூடினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், வீட்டிலிருப்பவர்களும் கவனிக்க வேண்டும். நன்றாகிவிட்டது என்று திடீரென நிறுத்தவும் கூடாது. கோயிலுக்கோ தர்காவுக்கோ சர்ச்சுக்கோ போவது மனசுக்கு ஆறுதல் என்றால் போங்கள், எந்த நல்ல டாக்டரும் தடுக்க மாட்டார், மாத்திரையை மட்டும் உண்டியலில் போட்டுவிட வேண்டாம்.

ஆன்லைன் தெரபியைப் பற்றியும் கேட்கிறார்கள். பத்துக்குப் பத்து வீட்டில் ஆறு பேர் இருக்கும்போது மனசு திறந்து எங்கே பேசுவது? மொட்டை மாடி, கடலோரக் கல், நண்பனின் பூட்டியிருக்கும் கடை, எங்கே தனியாக ஒரு மணி நேரம் கிடைக்குமோ அங்கிருந்து பேசலாம். நெருக்கடி நிலையில் இருப்பவருக்கு நேரில் போவதுதான் நல்லது.

தெரபிஸ்ட் ஒத்துவரவில்லை என்றால் மாற்றலாம். திட்டுபவர், சாதி கேட்பவர், மதம் பேசுபவர், உங்கள் விஷயத்தை வெளியே சொல்பவர் என்றால் அன்றைக்கே மாற்றுங்கள். வெறுமனே 'இன்னும் சரியாகவில்லையே' என்றால் அதை அவரிடமே சொல்லுங்கள், முறையை மாற்றிப் பார்ப்பார். முதல் இரண்டு செஷன் முடிந்து வெளியே வரும்போது போனதைவிட மோசமாகக்கூட இருக்கலாம், மூடி வைத்ததைத் திறந்ததால் வரும் அசதி அது.

வீட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் தம்பியோ மகளோ மாறிப்போயிருப்பதாகத் தெரிந்தால் சுற்றி வளைக்காமல் கேளுங்கள். "டேய், ரொம்ப நாளா நீ நீயா இல்ல. செத்துப்போகணும்னு ஏதாவது தோணுதா? தோணினா சொல்லு, நான் திட்ட மாட்டேன்." ஆமாம் என்றால் அழுது ஊரைக் கூட்டாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள், தனியாக விடாதீர்கள், மறுநாள் காலை நீங்களே கூடப் போய் ஓ.பி. வரிசையில் நில்லுங்கள். செஷன் முடிந்து வருபவரிடம் "உள்ளே என்ன பேசினே, என்னைப் பத்தி என்ன சொன்னே" என்று துருவ வேண்டாம். வர மாட்டேன் என்று அவர் அடம்பிடித்தால் நீங்கள் மட்டும் போய் டாக்டரிடம் பேசலாம், எப்படி அழைத்து வருவது என்று அவரே வழி சொல்வார். நடுவில் இரண்டு வாரம் போகாமல் விட்டுவிட்டால் அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம், பழைய சீட்டு தொலைந்திருந்தாலும் புது சீட்டு போட்டு மறுபடி போகலாம். போகும்போது இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.